விபிஎன் போட்ட அன்றே வந்த பயமுறுத்தல் மெயில்: எதை நம்புவது, நின்றுபோன நெட்டை எப்படி மீட்பது

சித்தப்பாவுக்கு விபிஎன், அதாவது நம் நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி, போட்டுக் கொடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் சாப்பிட்ட கையோடு போனிலும் லேப்டாப்பிலும் அதை இறக்கி, விளம்பரம் வராமலிருக்க, தளத்தின் பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்ஸையும் மாற்றி, இனி கவலையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி பத்தரைக்கு போன்.

"எலேய், சிங்கப்பூர்ல இருந்து எவனோ என் மெயிலுக்குள்ள பூந்துட்டாம்ல. கூகுள்காரனே எழுதியிருக்கான். இப்ப நான் எதை அமுக்கணும்?"

"எதையும் அமுக்காதீங்க சித்தப்பா. அந்த விபிஎன்ல எந்த ஊர் போட்டிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

சிங்கப்பூர் என்றுதான் போட்டிருந்தது. உள்ளே புகுந்த ஆசாமி சித்தப்பாவேதான்.

சிரித்துவிட்டுப் படுத்தோம். ஆனால் அதே வாரத்தில் அவருக்கு இன்னொரு மெயில் வந்தது, பெட்டி நிறைந்துவிட்டது, 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும் என்று. அது போலி. அதைப் பார்த்து அவர் பயப்படவே இல்லை, போன தடவை மாதிரி இதுவும் ஒன்றுமில்லை என்று நினைத்துக் கிட்டத்தட்ட அமுக்கியே விட்டார். பாதுகாப்புக்கென்று வைத்த கருவி நிஜ எச்சரிக்கைகளை அடிக்கடி வரவழைத்து, நம் காதை மரத்துப்போக வைத்துவிடுகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் நெட் பிரச்சினையையும் மெயில் பிரச்சினையையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டும் வரும்.

முதலில், நிஜ மெயில் ஏன் வருகிறது? விபிஎன் போட்டால் உங்கள் போனிலிருந்து கிளம்புவதெல்லாம் பூட்டப்பட்டு அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் கூகுளுக்கோ ஃபேஸ்புக்குக்கோ போகிறது. அவர்களுக்குத் தெரிவது உங்கள் வீட்டு ஐபி முகவரி (நெட்டில் உங்கள் இணைப்புக்குள்ள எண்) அல்ல, அந்த சர்வரின் முகவரி. நேற்றுவரை திருநெல்வேலியிலிருந்து வந்த ஆள் இன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து உள்ளே வந்தால் அவர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள், சந்தேகப்பட வேண்டும்.

அது ஏன் குறிப்பாகச் சிங்கப்பூர் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்கிற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது: விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி முதலியவற்றை 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இப்போது அப்படிப்பட்ட செயலியில் ‘வேகமான இணைப்பு’ என்று அமுக்கினால் பக்கத்து நாடு எதற்காவது போகும். பட்டியலில் இந்தியா என்றே இருந்தாலும் பல நேரம் அது வெளிநாட்டில் நின்றுகொண்டு இந்திய முகவரியைக் காட்டும் மெய்நிகர் சர்வர்தான். அந்த முகவரி எந்த ஊருடையது என்று பார்க்க ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு பதிவேட்டைப் புரட்டுகிறது, பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஆகவே ஒரே இணைப்பை ஒரு தளம் மும்பை என்று சொல்லும், இன்னொன்று சிங்கப்பூர் என்று சொல்லும்.

விபிஎன்னே இல்லாத வீட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. வீட்டு பிராட்பேண்டின் ஐபிக்குப் பதிவேட்டில் இருக்கும் ஊர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பெரிய மையம் இருக்கும் ஊர். நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை என்றோ பெங்களூரு என்றோ மெயில் வருவதில் அதிசயமில்லை. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். நேரத்தையும் எந்தக் கருவி என்பதையும் பாருங்கள், அவை இரண்டும் அதிகம் பொய் சொல்லாது.

மெயிலைச் சோதிப்பது

நான் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருப்பது இதுதான்: மெயில் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. மெயில் காட்டும் வாசல் வழியாகப் போகாதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள். கூகுள் என்றால் போனின் செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்தைத் திறந்து, உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘சமீபத்திய பாதுகாப்புச் செயல்பாடு’ என்பதைப் பாருங்கள். மெயிலில் சொன்னது நிஜமென்றால் அதே நேரத்தோடு அங்கேயும் இருக்கும். அங்கே இல்லையென்றால் மெயிலைப் போலி என்றே வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் கடவுச்சொல், பாதுகாப்பு என்ற பகுதியில் அவர்கள் சமீபத்தில் உங்களுக்கு அனுப்பிய மெயில்களின் பட்டியலே வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு, எல்லாரும் செய்திருக்க வேண்டியது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் ‘சமீபத்திய செயல்பாடு’ பக்கம். வங்கி என்றால் வங்கிச் செயலி, அல்லது ஏடிஎம் அட்டையின் முதுகில் அச்சடித்த எண். மெயிலில் இருக்கும் எண் வேண்டாம்.

அவ்வளவு போதும். ஆனாலும் சிலருக்கு மெயிலையே பிரித்து மேய வேண்டும், எனக்கும் அந்த வியாதி உண்டு. அப்படியானால் அனுப்புநர் பெயரைப் பார்க்காதீர்கள், பெயரில் யார் வேண்டுமானாலும் கூகுள் பாதுகாப்புக் குழு என்று எழுதிக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு மெயில் முகவரி விரியும். இணைப்பு என்றால் அழுத்தாமல் விரலை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அது எங்கே போகிறது என்று காட்டும், கணினியில் மவுஸை மேலே கொண்டுபோனால் போதும். வரும் முகவரியை எப்படிப் படிப்பது? நம் ஊர்த் தபால் முகவரி மாதிரிதான், கடைசியில் வருவதுதான் ஊர். ‘மதுரை ரோடு, பாளையங்கோட்டை’ என்றால் வீடு மதுரையில் இல்லை அல்லவா. அதுபோல ‘கூகுள் டாட் காம் டாட் வெரிஃபை-நவ் டாட் டாப்’ என்று இருந்தால், தொடக்கத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ஸை ஒட்டிய இரண்டு சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் ‘வெரிஃபை-நவ் டாட் டாப்’தான் ஊர். முன்னால் இருக்கும் கூகுள் வெறும் தெருப் பெயர்.

வங்கிகளுக்கு இதில் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் இணையதளத்தை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும், கண்டவரும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆகவே உங்கள் வங்கியின் முகவரி கடைசியில் அப்படி முடிகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். இங்கேயும் கடைசியில் என்பதுதான் முக்கியம், நடுவில் பேங்க் என்று இருப்பதில் ஒன்றுமில்லை.

இன்னும் ஆழமாகப் போகிறவர்களுக்கு: கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியை அமுக்கி ‘ஷோ ஒரிஜினல்’ போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று, அனுப்பிய முகவரி நிஜமா என்று சோதித்த மூன்று வரி தெரியும். மூன்றும் ‘பாஸ்’ என்றால் மெயில் அந்த முகவரிக்காரரிடமிருந்தே வந்தது என்று மட்டும்தான் பொருள். மோசடிக்காரர் தன் சொந்த முகவரியை ஒழுங்காகப் பதிவுசெய்து அனுப்பினாலும் மூன்றும் பாஸ் ஆகும். ஃபெயில் என்றால் சந்தேகப்படலாம், பாஸ் என்றால் நம்பிவிடக் கூடாது. 2025 ஏப்ரலில் இதைவிட விவகாரமான ஒன்று நடந்தது. கூகுளின் நிஜ ‘நோ-ரிப்ளை’ முகவரியிலிருந்தே, நிஜ டிகேஐஎம் கையொப்பத்தோடு ஒரு போலி மெயில் சுற்றியது, உங்கள் கணக்கு விவரங்களைக் கேட்டுச் சம்மன் வந்திருக்கிறது என்று. எப்படி என்றால், மோசடி வாசகத்தையே ஒரு செயலியின் பெயராகப் பதிந்து, அந்தப் பெயரைச் சொல்லி கூகுள் தானாக அனுப்பும் எச்சரிக்கை மெயிலைப் பிடித்து, ஓர் எழுத்துகூட மாற்றாமல் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். மாற்றாததால் கையொப்பமும் கெடவில்லை. முக்கியமாகக் காட்டிக்கொடுத்தது இணைப்புதான்: கணக்குகளுக்கான ‘அக்கவுண்ட்ஸ்’ பக்கத்துக்குப் போகாமல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் திறந்துகொள்ளும் ‘சைட்ஸ்’ பக்கத்துக்குப் போனது. இப்படிப்பட்டதை எல்லாம் கண்ணால் பிடிக்க சித்தப்பாவால் முடியாது, உண்மையைச் சொன்னால் தூக்கக் கலக்கத்தில் என்னாலும் முடியாது. அதற்காகத்தான் தெரிந்த வாசல்.

ஒன்றும் செய்யாமல் விடக்கூடிய மெயில்களும் இருக்கின்றன. நீங்கள் கேட்காமலே ஒருமுறைக் குறியீடோ கடவுச்சொல் மாற்றும் இணைப்போ வந்தால், பெரும்பாலும் யாரோ உங்கள் மெயில் முகவரியைத் தட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், எண்ணை யாரிடமும் சொல்லாதவரை உள்ளே வர முடியாது. உன் கேமராவில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் போட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு என்று உங்கள் பழைய கடவுச்சொல்லோடு வரும் மிரட்டல், 2018இலிருந்தே வருகிற பழைய ரகம். அந்தக் கடவுச்சொல் எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்தது, உங்கள் கேமராவிலிருந்து அல்ல. ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் மெயில் முகவரியைக் கொடுத்தால் எந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று தெரியும். அந்தக் கடவுச்சொல்லை இன்னும் எங்காவது பயன்படுத்துகிறீர்கள் என்றால் அங்கே மாற்றுங்கள், மிரட்டலுக்குப் பதில் போடாதீர்கள். ஆன்டிவைரஸ் புதுப்பித்தாகிவிட்டது, இத்தனை ஆயிரம் பிடித்தோம், வேண்டாமென்றால் இந்த எண்ணைக் கூப்பிடு என்று வருவதில் இணைப்பே இருக்காது. அதனாலேயே வடிகட்டியில் மாட்டாது. பொறி அந்தப் போன் எண்தான். விபிஎன் சந்தா முடிகிறது என்று வருவதும் இதே குடும்பம்.

நெட் நின்றுவிட்டால்

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைப்பது. அப்புறம் நெட் வந்துவிடும், எதனால் நின்றது என்று மட்டும் தெரியாது, மறுபடி எல்லாவற்றையும் போட்டதும் மறுபடி நிற்கும். உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பதிலிருந்து வெளியே நோக்கி ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் உலாவியின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள், அங்கே எக்ஸ்டென்ஷன்கள் (உலாவியில் நாம் சேர்க்கும் துணைச் செயலிகள்) சாதாரணமாக ஓடாது. அங்கே திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் விளம்பரத் தடுப்பான். குரோமில் விளம்பரம் திடீரென்று கொட்ட ஆரம்பித்தது என்று புலம்புகிறவர்களுக்கு: பழைய யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் 2025இல் குரோமில் வேலை செய்வது நிறுத்தப்பட்டது, லைட் என்ற பதிப்பு இருக்கிறது, முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்குப் போங்கள்.

எதுவுமே திறக்கவில்லை என்றால் விபிஎன்னை அணைத்துவிட்டு உலாவியில் 1.1.1.1 என்று எண்ணை மட்டும் தட்டிப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் பக்கம் வந்தால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. அதுவும் வரவில்லை என்றால் பிரச்சினை ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ. அப்போதும் ஒரு சந்தேகம் பாக்கி: விபிஎன் செயலியின் ‘கில் ஸ்விட்ச்’. விபிஎன் அறுந்தால் எதுவும் வெளியே கசியக் கூடாது என்று மொத்த நெட்டையும் மூடிவிடுவது அதன் வேலை. செயலி பாதியில் செத்துப்போனால் பூட்டு மட்டும் மாட்டியபடியே நிற்கும். ஆண்ட்ராய்டில் விபிஎன் செட்டிங்ஸில் பல்சக்கரத்தை அமுக்கினால் ‘எப்போதும் இயங்கும் விபிஎன்’, ‘விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு’ என்று இரண்டு இருக்கும், இரண்டாவதை எடுத்துவிட்டால் உயிர் வரும். விண்டோஸில் அதே செயலியைத் திறந்து முறையாக இணைத்து, முறையாகத் துண்டியுங்கள்.

டிஎன்எஸ்ஸில் எனக்குப் பிடித்தமான வம்பு ஆண்ட்ராய்டின் தனிப்பட்ட டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9இலிருந்து இருக்கிறது. அதில் ஒரு பெயரைக் கையால் எழுதிவிட்டால் அந்த சர்வர் கிடைக்காத இடத்தில் வேறு வழி தேடாது, நெட்டே இல்லை என்று உட்கார்ந்துகொள்ளும். அது 853ஆம் போர்ட் என்ற தனிப் பாதையில் பேசுகிறது. சில அலுவலக, விடுதி வைஃபைகளில் அந்தப் போர்ட்டை மூடி வைத்திருப்பார்கள். ரயில் நிலையத்து வைஃபை மாதிரி முதலில் ஒரு பக்கம் வந்து போன் எண் கேட்கும் இடங்களிலும் அந்தப் பக்கம் வராமலே போகும். ‘தானியங்கு’ என்று மாற்றி, உள்ளே நுழைந்தபிறகு திரும்ப மாற்றிக்கொள்ளலாம். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் வைத்தவர்களுக்கு இன்னொன்று: நிஜ நிறுவனத்தின் நிஜ மெயிலில் இருக்கும் இணைப்பும் சில நேரம் திறக்காது, ஏனென்றால் யார் அமுக்கினார்கள் என்று எண்ணுவதற்காக அது ஒரு கண்காணிப்பு முகவரி வழியாகச் சுற்றிப் போகும், அதை உங்கள் டிஎன்எஸ் மறித்துவிடும். மெயில் போலி என்பதற்கு அது சாட்சி அல்ல.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பை-ஹோல் போட்டு, வீடு முழுக்க டிஎன்எஸ் வழியாக விளம்பரம் தடுப்பவர்கள் கொஞ்சம் பேர் இருப்பீர்கள், உங்களுக்காக இந்தப் பத்தி, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ராஸ்பெரி பை நின்றால் வீடு முழுக்க நெட் நிற்கும், ஏனென்றால் ரூட்டர் எல்லாருக்கும் அதன் முகவரியைத்தான் டிஎன்எஸ் என்று கொடுக்கிறது. பாதுகாப்புக்கு இரண்டாவதாகக் கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடலாமே என்றால், கருவிகள் இரண்டாவதை அவசரத்துக்கு என்று வைத்துக்கொள்வதில்லை, இஷ்டப்படி இரண்டையும் கேட்கும், விளம்பரம் பாதி கசியும். இதைவிட என்னை ஒரு நாள் முழுக்க அலைய வைத்தது கடிகாரம். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டு நாலு நாள் கழித்து வந்து போட்டால், பையில் எல்லா விளக்கும் எரிகிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. பை 4 வரைக்கும் உள்ளே பேட்டரிக் கடிகாரம் கிடையாது, பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். ஆகவே அது நாலு நாள் பழைய தேதியோடு எழுந்திருக்கிறது. டிஎன்எஸ் பதில் நிஜமா என்று கையொப்பம் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை வேறு நான் போட்டிருந்தேன், அது கையொப்பத்தின் தேதியைப் பார்த்து, இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று எல்லாப் பதில்களையும் தள்ளிவிடுகிறது. சரியான நேரம் வேண்டுமென்றால் நேர சர்வரைக் கேட்க வேண்டும், அதன் பெயரை எண்ணாக்க டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸுக்குச் சரியான நேரம் வேண்டும். நேர சர்வரைப் பெயராகக் கொடுக்காமல் எண்ணாகக் கொடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும், கூகுளின் நேர சர்வர் ஒன்றின் எண் 216.239.35.0.

கடிகாரம் தவறினால் பல விபிஎன்கள் பயன்படுத்தும் வயர்கார்டு என்ற இணைப்பு முறையும் முரண்டு பிடிக்கும். இணைப்பைத் தொடங்க அது செய்யும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை இருக்கிறது, முன்னால் பார்த்ததைவிடப் பழையது வந்தால் சர்வர் பதிலே சொல்லாது, பிழைச் செய்தியும் வராது. இணைக்கப்பட்டது என்று காட்டும், ஒரு பைட் கூட வராது. எந்த விபிஎன்னாக இருந்தாலும் காரணமே தெரியாமல் இணையவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

விபிஎன் இணைந்துவிட்டது, வாட்ஸ்அப் எழுத்து போகிறது, தேடல் வருகிறது, ஆனால் சில தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கின்றன, படம் ஏறவில்லை என்றால் அது நெட்டில் போகும் தரவுப் பொட்டலத்தின் அளவால் வரும் கோளாறு. பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ வகை பிராட்பேண்டில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1492 பைட். வயர்கார்டு தன் உறைக்கு 80 பைட் வரை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1412. ஆனால் அதன் வழக்கமான எம்டியு, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1420. எட்டே எட்டு பைட்தான் இடிக்கிறது, பெரிய பொட்டலங்கள் மட்டும் வழியில் மாட்டுகின்றன. செட்டிங்ஸில் எம்டியு என்ற இடத்தில் 1280 என்று போட்டுப் பாருங்கள், நின்ற தளங்கள் வந்துவிட்டால் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு, எல்லாம் நன்றாக ஓடும், ஆனால் விபிஎன் உங்களை மறைக்கவே இல்லை. விபிஎன் பழைய முகவரி முறையான ஐபிவி4ஐ மட்டும் சுமந்துகொண்டு போகும், புதிய முறையான ஐபிவி6 பக்கவாட்டில் நேராக வெளியே போய்க்கொண்டிருக்கும். விபிஎன்னைப் போட்டுவிட்டு உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது தளத்தில் பாருங்கள். புள்ளி வைத்த எண் வெளிநாட்டையும், இரட்டைப்புள்ளி வைத்த நீள எண் உங்கள் நெட் நிறுவனத்தையும் காட்டினால் கசிகிறது. ஜியோவின் நீள எண்கள் பெரும்பாலும் 2409 என்று தொடங்கும், ஏர்டெல் என்றால் 2401. செயலியில் ஐபிவி6 கசிவுத் தடுப்பு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த விபிஎன்னையே மாற்றுவது நல்லது.

இலவச விபிஎன் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், வேண்டாம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை 911 எஸ்5 என்ற ஒரு வலைப்பின்னலைப் பிடித்தது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் மாதிரி இலவசச் செயலிகளை இறக்கியவர்களின் கணினிகளையே வாடகைக்கு விட்டு, அவர்கள் ஐபி வழியாக மற்றவர்கள் மோசடி செய்ய வைத்திருந்தார்கள், 1.9 கோடி ஐபி முகவரிகள். உங்கள் வீட்டு முகவரியிலிருந்து நீங்கள் செய்யாத காரியம் நடந்தால் போலீஸ் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டும்.

வங்கி, யுபிஐ செயலிகள் பல விபிஎன் இருந்தால் திறக்க மறுக்கும், சில அரசுத் தளங்கள் வெளிநாட்டு ஐபி என்றாலே சுற்றிக்கொண்டு நிற்கும். இதற்காகத் தினமும் அணைத்துப் போட வேண்டாம், செயலியில் ‘ஸ்பிளிட் டனலிங்’ என்று இருக்கும், வங்கிச் செயலிகளை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விட்டுவிடலாம். வங்கிச் செயலி தானே பூட்டுப் போட்டுத்தான் பேசுகிறது, பயமில்லை. சில செயலிகள் அப்படியும் விபிஎன் குறியைப் பார்த்து முரண்டு பிடிக்கும், அப்போது அணைப்பதைத் தவிர வழியில்லை.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். விபிஎன்னில் இருந்தால் ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டம் அடிக்கடி வரும், ஒரே சர்வர் முகவரியை நூற்றுக்கணக்கானோர் பகிர்வதால். யோசிக்காமல் டிக் அடிக்கப் பழகிவிடுவோம். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, 2024இலிருந்து போலிக் கட்டங்கள் பரவுகின்றன: விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று சொல்லும். நீங்கள் ஒட்டுவது அவர்கள் ஏற்கெனவே நகலெடுத்து வைத்த கட்டளை, உங்கள் கையாலேயே வைரஸை இறக்கிக்கொள்கிறீர்கள். நிஜக் கட்டம் படத்தில் பஸ்ஸைக் காட்டு என்று கேட்கும், விண்டோஸ் விசையைத் தொடச் சொல்லவே சொல்லாது.

அமுக்கியாகிவிட்டது என்றால்

அமுக்கியது மட்டும் என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மூச்சு விடுங்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் வேறு கருவியிலிருந்து, தெரிந்த வாசல் வழியாகப் போய் உடனே மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். அப்புறம் பலர் மறக்கும் இடம்: ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள். உள்ளே வந்தவன் உங்கள் மெயில்களின் நகல் தனக்கு வரும்படி ஒரு விதியை எழுதிவிட்டுப் போயிருப்பான், கடவுச்சொல்லை மாற்றினாலும் அது நிற்காது. மீட்பு எண், மீட்பு மெயில், அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் மூன்றையும் பாருங்கள். பணம் போயிருந்தால் இதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் 1930ஐக் கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ பணம் நடுவழியில் நிறுத்தப்பட அவ்வளவு வாய்ப்பு. கூச்சப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருப்பதில்தான் பலருக்குப் போகிறது.

சித்தப்பா வீட்டு ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான் என்னென்ன மாற்றினேன், மாற்றுவதற்கு முன்னால் என்ன இருந்தது, விபிஎன்னில் எந்த ஊர் வைத்திருக்கிறோம், நெட் நின்றால் எதை முதலில் அணைப்பது, 1930. சர்வர் ஊரையும் ஒரே இடமாகப் பிடித்து வைத்துவிட்டேன், தினம் ஒரு நாடு மாறாததால் கூகுள் மெயில்களும் குறைந்துவிட்டன. போன வாரம் போனபோது தாளின் அடியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "சிங்கப்பூர் = நான்."